மும்பையில் முதல் மோட்டார் படகு: பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: மும்பையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு மாண்ட்வா, அலிபாக் பக்கம் போய்வரவும், பிள்ளைகளை ட்யூபில் உட்காரவைத்து இழுக்கவும், கொஞ்சம் ஸ்கீயிங் பழகவும் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கலாம் என்று இருக்கிறேன். இதுதான் முதல் படகு. எதைப் பார்த்து வாங்குவது?

18 முதல் 21 அடிக்குள், ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின் (படகுக்கு வெளியே, பின்பக்கம் தொங்குவது) மாட்டிய படகாகப் பாருங்கள். ஸ்டெர்ன்டிரைவ் படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முதல் படகாக வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நான் செம்பூர்வாசி. மஜ்காவ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. தெரிந்தவர்கள் பழைய படகு பார்க்கக் கிளம்பினால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். வாங்க வருகிறவர்களின் கண் முதலில் போவது சீட்டுக்கும் பாலிஷுக்கும் ஸ்பீக்கருக்கும்தான். படகைத் தின்பது உப்புத் தண்ணீர். அது தின்ற இடங்கள் கண்ணுக்கு மறைவாக இருக்கும். அவற்றைத் தேடிப் பார்ப்பதற்குத்தான் நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஸ்டெர்ன்டிரைவில் இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும், புரொப்பெல்லர் மாட்டிய கால் மட்டும் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அழகு, பின்னால் நீந்த இறங்க நல்ல மேடையும் கிடைக்கும். ஆனால் அந்தக் காலும் அதைச் சுற்றியிருக்கும் பெல்லோஸ் என்கிற மடிப்பு ரப்பர் உறையும், படகு மூரிங்கில் (கடலில் கட்டிப்போடும் இடத்தில்) நிற்கிற நேரமெல்லாம் கடலுக்குள்ளேயே கிடக்கும். பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் நேராகப் படகுக்குள் வரும். கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்குவதற்கு இது ஒன்று போதும். கடல் தண்ணீரையே நேரடியாக இன்ஜினுக்குள் ஓடவிட்டுக் குளிரவைக்கிற வகையாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. புகை வெளியேறும் குழாய்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் உள்பக்கமிருந்து அரித்துக்கொண்டே வரும். ஒரு நாள் ஓட்டை விழுந்து சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கினால் இன்ஜினை மறந்துவிட வேண்டியதுதான். போதாததற்கு, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அடித்தளத்தில் போய்த் தங்கும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு நிமிடமாவது அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியை, அதாவது புளோவரை, ஓடவிட வேண்டும். முதல் படகு வைத்திருப்பவர் அவசரத்தில் மறந்துவிடக்கூடிய வேலை இது. அவுட்போர்டில் இந்தக் கவலை எல்லாம் குறைவு. ஓட்டி முடித்ததும் இன்ஜினைச் சாய்த்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம்.

வேக்சர்ஃபிங் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அதில் ஆள் படகு எழுப்பும் அலையில் பலகைமேல் நின்று, படகின் பின்னாலேயே ஒட்டினாற்போல் வருவார். அவுட்போர்டிலும் சாதாரண ஸ்டெர்ன்டிரைவிலும் புரொப்பெல்லர் அங்கேதான் சுற்றுகிறது, புகையும் அங்கேதான் வருகிறது. ட்யூபுக்கும் ஸ்கீக்கும் நீளமான கயிறு இருப்பதால் பிரச்சினை இல்லை. இந்த அளவு படகுக்கு 115 முதல் 150 குதிரைத்திறன் இருந்தால் பெரியவர் ஒருவரை ஸ்கீயில் எழுப்பி நிறுத்திவிடும்.

அடிப்பாகத்தின் வடிவமும் முக்கியம். மும்பைத் துறைமுகத்தில் காலையில் தண்ணீர் அமைதியாக இருக்கும். மதியத்துக்குமேல் கடற்காற்று எழும்பி அலை குறுக்கும் நெடுக்குமாக அடிக்கும். மாண்ட்வாவிலிருந்து திரும்பி வருகிற நேரம் பெரும்பாலும் அதுதான். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் ஸ்கீக்கு நல்லது, ஆனால் திரும்பும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணப்படும். பின்பக்கத்தில் 18, 20 டிகிரி ‘வி’ வடிவம் இருக்கிற படகு இரண்டுக்கும் ஒத்துவரும்.

இனி ட்ரான்ஸம். இன்ஜின் தொங்குகிற பின்பலகையைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெளியே ஃபைபர், பழைய படகுகள் பலவற்றில் உள்ளே பிளைவுட். ஒரு ஸ்க்ரூ சரியாக அடைக்கப்படாமல் இருந்தாலும் அது வழியாகத் தண்ணீர் உள்ளே போய் மரத்தை ஊறவைத்து அழுகவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மாட்டுங்காவிலிருந்து ஒரு தம்பி பார்க்கச் சொல்லி என்னை அழைத்துப்போன வெள்ளைப் படகு அப்படித்தான். “அண்ணே, இன்ஜின் நல்லா ஸ்டார்ட் ஆகுது, சீட் எல்லாம் புதுசா போட்டிருக்காங்க” என்றார். “சரி தம்பி, பின்னால வாங்க” என்று கூட்டிப்போய், ரப்பர் சுத்தியலால் ட்ரான்ஸம் முழுக்கத் தட்டினேன். தேங்காய் தட்டிப் பார்ப்பது போலத்தான்: மேல்பக்கம் கணீரென்று கேட்டது, கீழே வடிகால் அடைப்பான் பக்கம் வந்ததும் சத்தம் மங்கிவிட்டது. ஆழம் காட்டும் கருவியின் சென்சாரைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்றை உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கழற்றினேன். தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒரு மெல்லிய கோடாக வெள்ளை ஃபைபரில் இறங்கியது. ஸ்க்ரூவின் மரைகளில் கறுத்துப்போன மரநார் ஒட்டியிருந்தது, விரலால் நசுக்கினால் குழைந்தது. இதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்கி, ஃபைபரை வெட்டித் திறந்து, மரம் முழுவதையும் மாற்ற வேண்டும். சில படகுகளில் அந்தச் செலவே படகின் விலையைத் தொட்டுவிடும். அந்தப் படகை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

சுத்தியல் இல்லாவிட்டால் இன்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழுமாக அமுக்கிப் பாருங்கள். பின்பலகையே சேர்ந்து அசைந்தாலோ மேல் விளிம்பில் விரிசல் ஓடியிருந்தாலோ வேண்டாம். தரைப் பலகையிலும் நடந்து பாருங்கள். கால் வைக்கும் இடம் மெத்தென்று இறங்கக்கூடாது.

இன்ஜினுக்கு வருவோம். மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். 600 மணி நேரம் ஓடி, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசப்பட்ட இன்ஜின், 150 மணி நேரம் ஓடி உப்போடு மூரிங்கில் கிடந்ததைவிட மேல். மூடியைத் திறந்து தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா பாருங்கள். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே புரொப்பெல்லரையும் கழற்றச் சொல்லுங்கள். நம் துறைமுகத்தில் மீன்வலை நைலானும் பிளாஸ்டிக்கும் ஏராளம். தண்டில் நைலான் நூல் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். விற்பவர் கழற்ற மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இங்கே இப்போது கூடுதலாக ஒரு விஷயம் பார்க்க வேண்டும். நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் 20 சதவீத எத்தனால் கலந்தது. அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். அதனால் படகு வாங்கியதும் எரிபொருள் குழாய்கள் முழுவதையும் மாற்றி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். மழைக்காலம் வருமுன் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இந்தச் செலவைப் பேரம் பேசும்போதே விலையில் கழித்துக்கொள்ளலாம்.

கடலில் ஓட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகும் சிரமம் தெரியாது. வழக்கமாக வருகிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். முழு த்ராட்டிலில் இன்ஜின் தயாரிப்பாளர் சொன்ன ஆர்பிஎம் எட்டுகிறதா பாருங்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு அது 5,000-க்கும் 6,000-க்கும் இடையில். 4,500-லேயே நின்றுவிட்டால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது இன்ஜினில் சக்தி இல்லை. இன்ஜினைக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர்க் கோடு ஒரே சீராக வர வேண்டும். திரும்பி வந்ததும் தரைமூடியைத் திறந்து உள்ளே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக: பதிவுச் சான்றிதழ், சர்வே சான்றிதழ், இன்சூரன்ஸ், வெளிநாட்டிலிருந்து வந்த படகானால் சுங்கவரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி. படகின் அடையாள எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.  பெயர் மாற்றம் ஆகும்வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.

வாங்கிய பிறகு வருகிற செலவுதான் பலரைத் திணறவைக்கிறது. 115 குதிரைத்திறன் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். மிதமாக ஓட்டினால் 20, 25 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. மூரிங், காவலாள், மே கடைசியில் கரையேற்றுவது, செப்டம்பரில் மீண்டும் இறக்குவது எல்லாம் வருஷா வருஷம் உண்டு.

பிள்ளைகளை இழுப்பதைக் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் செய்யவே செய்யாதீர்கள். ஃபெரிகளும் கடற்படைக் கலங்களும் கப்பல் பாதையும் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. காலையில், ஏற்றம் இருக்கும்போது, மாண்ட்வா பக்கம் ஆளில்லாத தண்ணீராகப் பாருங்கள். வற்றத்தில் நான்கு மீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும் நாட்கள் உண்டு, அவுட்போர்டு சேற்றை உறிஞ்சும். அந்தக் கரையில் விளையாட்டுக்கு அனுமதி உண்டா என்று முதலில் உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை ஏறும்போது இன்ஜின் நியூட்ரலில் இருந்தால் போதாது, அணைந்திருக்க வேண்டும். கில் ஸ்விட்ச் கயிறு (இழுபட்டதும் இன்ஜினை அணைப்பது) ஓட்டுபவரின் உடலில் மாட்டியிருக்க வேண்டும், எல்லோர் மேலும் அளவுக்குப் பொருந்திய லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும்.

தேடுவதற்கு நல்ல மாதங்கள் ஏப்ரலும் மே தொடக்கமும். கரையேற்றும் செலவு வருமுன் விற்றுவிட நினைக்கிறவர்கள் விலையை இறக்குவார்கள், கடலிலும் ஓட்டிப் பார்க்கலாம். ஜூலையில் கொட்டகையில் மூடிக்கிடக்கும் படகை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், அக்டோபரில் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.