சாங்ஷன் வந்தால் சந்தோஷமா, சங்கடமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்காகத் தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். என் கையேட்டில் 'சாங்ஷன்' என்றால் 'அனுமதி' என்று இருக்கிறது. செய்தியிலோ 'ஈரான் மீது சாங்ஷன்ஸ்' என்கிறார்கள், அது தடையாம்! இந்தக் கிறுக்கு மொழியை எப்படித்தான் படிப்பது?

பதில்: மொழியைத் திட்டுவதற்கு முன் கையேட்டைத் திட்டியிருக்கலாம். ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்பது அச்சடிப்பவருக்கு வசதி, அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீன். புனிதமாக்கி உறுதிப்படுத்துவது என்று பொருள். 'செயின்ட்' கூட அந்த வேரில் வந்ததுதான். ஒரு சட்டத்தை உறுதிப்படுத்தினால் அது ஒப்புதல். அதை மீறினால் என்ன தண்டனை என்பதும் சட்டத்தோடு சேர்ந்தே வரும் அல்லவா? அதற்கும் இதே பெயர். ஒப்புதல் நம்மூர் வங்கிக்கு வந்து 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்றானது. தண்டனை நாடுகளுக்கு இடையே போய்விட்டது. 1935-ல் அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலிக்கு, ஐ.நா.வுக்கு முன்பிருந்த பன்னாட்டுச் சங்கம் விதித்ததும், 1998-ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நமக்கு விதித்ததும் இந்த ரகம்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். லோன், லீவு, பணியிடம் என்றால் அனுமதி. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, பின்னால் 'ஆன்', 'அகெய்ன்ஸ்ட்' ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தடை. வினைச்சொல்லாக வரும்போதுதான் வம்பு. 'தி போர்ட் சாங்ஷன்ட் தி மேனேஜர்' என்று எழுதினால் அந்த மேனேஜர் சிரிப்பதா, வக்கீலைப் பார்ப்பதா? அங்கே 'அப்ரூவ்ட்' அல்லது 'பீனலைஸ்ட்' என்று உடைத்து எழுதிவிடுங்கள்.

அப்புறம், கிறுக்கு என்றீர்களே. 'வரிவிலக்கு' என்றால் சலுகை, 'மதுவிலக்கு' என்றால் தடை. இரண்டிலும் இருப்பது ஒரே 'விலக்கு'. தினமும் பேப்பரில் படிக்கிறீர்கள், ஒருநாளாவது குழம்பினீர்களா?

கையேட்டில் 'ஓவர்சைட்' என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். 'மேற்பார்வை' என்று மட்டும் போட்டிருந்தால், அதன் இன்னொரு அர்த்தமான 'கவனக்குறைவால் விட்டுப்போனது', கவனக்குறைவால் விட்டுப்போயிருக்கிறது. பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.