வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ விழுந்தால் போதுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே சரிவான இடத்தில் வீடு கட்டுகிறோம். நான் சென்னையில், இன்ஜினியர் கோவையில். கான்ட்ராக்டர், மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஊரிலிருக்கும் அப்பா என எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியத் துளை விடச் சொல்லி இன்ஜினியர் குரல் பதிவு போட்டார். நாலைந்து ‘ஓகே’ விழுந்தன. சுவர் எழும்பிய பிறகு பார்த்தால் துளையே இல்லை. யார் தவறு?
– ஒரு வாசகி

பதில்: தவறு இருக்கட்டும், முதலில் சுவரைக் கவனியுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. வடிய வழியில்லாவிட்டால் பின்னாலுள்ள மண் ஊறி, தேங்கும் நீரும் சேர்ந்து சுவரை முன்னே தள்ளும். இனித் துளையிட முடியுமா என்பதை இன்ஜினியர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். பின்புறம் ஜல்லி நிரப்பாமல் வெறும் துளை போட்டால் மண் வந்து அடைத்துக்கொள்ளும்.

குழுவில் இருப்பது ஏழு பேர். ஒருவரோடு ஒருவர் பேச 21 வழிகள். இன்ஜினியர் ஒன்று சொல்ல, அப்பா இன்னொன்று சொல்ல, எதிரில் நிற்பவர் பேச்சைத்தான் மேஸ்திரி கேட்பார். ஆகவே மேஸ்திரிக்கு வேலை சொல்வது கான்ட்ராக்டர் மட்டுமே. அப்பா கண்ணில் படுவதையும் அவரிடமே சொல்லட்டும். (இதை அப்பாவிடம் சொல்வது உங்கள் பாடு.)

கரண்டி பிடித்த கையோடு யாரும் குரல் பதிவு கேட்பதில்லை. ‘ஓகே’ என்றால் செய்தி வந்தது என்றுதான் பொருள், புரிந்தது என்றல்ல. “தண்ணி போக ஓட்டை விடுங்க” என்பதும் பாதிப் பேச்சுதான். “3 அங்குல பிவிசி பைப், 5 அடிக்கு ஒன்று, முதல் வரிசை தரையிலிருந்து 1 அடி உயரத்தில், வெளிப்பக்கம் வாட்டம், பின்னால் ஜல்லி” என்று உங்கள் பிளானில் உள்ள அளவுகளோடு சைட் நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். மேஸ்திரி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும்; எங்கே புரியவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மூடி மறையும் வேலைகளுக்கு மட்டும் கறாராக இருங்கள். கம்பி, பைப், வயரிங் எதுவானாலும் டேப் வைத்து எடுத்த போட்டோவைப் பார்த்து இன்ஜினியர் சம்மதம் எழுதாமல் கான்கிரீட்டோ பூச்சோ கூடாது. பிளான் மாறினால் தாளில் திருத்த எண் போட்டு, பழைய தாளை சைட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஷெட் சுவரில் ஒட்டிய பழைய பிளானைப் பார்த்துக் கட்டி, பிறகு இடிப்பது சகஜம்.

கேள்வி: மலைப்பாதை அடைபட்டு லோடு தாமதமானால் வீட்டுக்காரரிடம் எப்போது சொல்வது?
– ஒரு கான்ட்ராக்டர், குன்னூர்

பதில்: அன்றைக்கே. “சீக்கிரம் முடிச்சிடலாம்” வேண்டாம். எந்த லோடு நின்றது, அதனால் எந்த வேலை எந்தத் தேதிக்குப் போகிறது என்று சொல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தால், கூடுதல் வாடகை யார் தலையில் என்பதை லாரி கிளம்பும் முன்பே பேசி, எழுதி அனுப்பிவிடுங்கள்.