அப்பர் அஞ்சிய இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் வேலை முடிந்து இரவில் நெடுஞ்சாலை வழியாக பைக்கில் வருகிறான். அவன் வீடு சேரும்வரை எனக்கு நெஞ்சு படபடக்கிறது. பல மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. சோதிடர் சொன்னபடி கோளறு பதிகத்தை 48 நாள் பாராயணம் செய்து, நவக்கிரகங்களுக்கு நெய்விளக்கும் ஏற்றினேன். பயம் போகவில்லை. இறைவனை முழுதாக நம்புகிறவருக்கு அச்சமே இராது என்கிறார்கள். அப்படியானால் என் பக்தியில்தான் குறையா? வேறு எந்தப் பதிகத்தை, எத்தனை நாள் பாட வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

அப்பர் தேவாரமான நான்காம் திருமுறையை மறுபடி படித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே. தூக்கமின்மைக்கு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதையும் பக்தியையும் சேர்த்து முடிச்சுப் போட வேண்டாம். கோள்கள் யாவும் அடியாருக்கு 'நல்ல நல்ல' என்று சம்பந்தர் பாடிய பதிகத்தையே, கோள்களுக்கு அஞ்சி நாள் எண்ணிப் பாடச் சொன்ன சோதிடரையும், ஏன் என்று கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்த உங்களையும் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. கடனுக்குத் தவணை கட்டுவதுபோலவா இறைவனிடம் போவது?

அச்சமின்மை என்றதும் எல்லாரும் அப்பரைத்தான் காட்டுவார்கள். பல்லவ மன்னன் ஏவிய யானை தம்மை மிதிக்க வந்தபோது அவர் பாடியதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் 'சுண்ணவெண் சந்தனச் சாந்தும்' என்ற பாட்டை எடுத்துப் பாருங்கள். அதில் யானையைப் பற்றி ஒரு சொல் இல்லை. காப்பாற்று என்ற வேண்டுதலும் இல்லை. பூசிய சாந்து, முடியில் திங்கள், தோலாடை, பவள நிறம், ஏறு, மார்பில் வளைந்த அரவு, கடைசியாகக் கெடில ஆற்று நீர் என்று இறைவனுடைய உடைமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போய், இவற்றையெல்லாம் உடைய ஒருவரின் சுற்றத்தார் நாம், அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை என்று முடிக்கிறார். கெடிலம், அவருடைய தமக்கை திலகவதியார் தொண்டு செய்த திருவதிகைக் கோயிலருகே ஓடுகிற, கோடையில் மணலாகக் கிடக்கிற ஆறு. சாவு எதிரே வரும்போது ஊர் ஆற்றை நினைப்பது, தத்துவம் படித்து வந்த துணிவாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டு மனிதரைப் பற்றிப் பேசுகிற உரிமை அதில் இருக்கிறது.

என் அப்பாயி மாட்டுக் கொட்டிலைக் கூட்டும்போதெல்லாம் இந்தப் பாட்டை முணுமுணுப்பார். ஒருமுறை கொட்டிலுக்குள் நல்லபாம்பு நுழைந்துவிட, சுற்றி நின்றவர்கள் கத்திய கத்தலில், அவர் மட்டும் விளக்குமாற்றைக்கூடக் கீழே போடாமல் அது வெளியேறும்வரை அசையாமல் நின்றார். அதே அப்பாயி, நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்ப இருட்டிவிட்டால் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்து, எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் விசாரிப்பார். "அஞ்சுவது யாதொன்றும் இல்லைன்னு பாடுற ஆளுக்கு இவ்வளவு பயமா?" என்று சித்தப்பாக்கள் கேலி செய்வார்கள். பெரியபுராணத்தில் திருமறைக்காட்டுப் பகுதியை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள்.

அங்கே, இன்றைய வேதாரண்யத்தில், பாண்டிய அரசி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்படுகிற சிறுவர் சம்பந்தரைத் தடுப்பவர் யார் தெரியுமா? சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் கிடந்து, நஞ்சு கலந்த சோற்றை உண்டு, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டும் கரையேறிய அப்பர்தான். 'பிள்ளாய்' என்று அழைத்து, அமணரின் வஞ்சனைக்கு அளவில்லை, கோள்களும் தீயனவாக இருக்கின்றன, போக வேண்டாம் என்கிறார். (சமணரைப் பற்றிய அந்தச் சித்திரத்தில் 12ஆம் நூற்றாண்டின் சைவச் சார்பு உண்டு, அது வேறு விவாதம்.) தம் உயிருக்காக நமனையும் அஞ்சாதவர், ஒரு பிள்ளைக்காக நாளையும் கோளையும் பார்த்துக் கலங்குகிறார். உங்களுக்கு நம்பிக்கை போதாது என்று சம்பந்தர் அவரிடம் சொல்லவில்லை; 'வேயுறு தோளி பங்கன்' என்று பாடுகிறார். நீங்கள் 48 நாள் படித்த பதிகம் அதுதான், அம்மா. அதைப் பாட வைத்த அச்சம் யாருடையது என்பதை உங்கள் சோதிடர் சொல்லவில்லை போலும்.

ஆகவே பக்தியில் குறையா என்ற கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். மகன் வரும்வரை, வாயில் வருகிற பாட்டை வருகிற அளவுக்குப் பாடிக்கொண்டிருங்கள். நாள் கணக்கு வேண்டாம். வந்ததும், ஹெல்மெட்டின் வாரை ஒழுங்காக மாட்டுகிறானா என்று கேளுங்கள்; பல பிள்ளைகள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்வதோடு சரி.