முதல் முறை ஏறிய நிரல் இரண்டாம் முறை ஏற மறுப்பது ஏன்?

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைக் கொண்டு நானே ஒரு போர்டு வடிவமைத்தேன். நிரலேற்றும் கருவியான எஸ்டி-லிங்க் வி2-இன் குளோன் (நகல்) வழியாக முதல் நிரல் சிக்கலின்றி ஏறியது, எல்இடியும் மின்னுகிறது. அதன்பின் எத்தனை முறை முயன்றாலும் டார்கெட் (அதாவது சிப்) கிடைக்கவில்லை என்றே கணினி சொல்கிறது. சிப்பை மாற்றியும் பார்த்தேன். அதிலும் முதல் முறை மட்டுமே ஏறியது. என் சாலிடரிங்கில் குறையா, அல்லது சிப்புகள் போலியா?

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டு சிப்புகளிலும் முதல் நிரல் முழுமையாக ஏறியது என்பதே உங்கள் கம்பிகளும், சாலிடரும், 3.3 வோல்ட் மின்சாரமும் சரியாக இருப்பதற்குச் சான்று. ஆகவே, ஏறிய அந்த நிரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரீசெட் ஆனவுடன் பிஏ13, பிஏ14 ஆகிய இரு பின்களும் எஸ்டி-லிங்க் நிரலை ஏற்றும் வழியான டீபக் இணைப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் சிப்பின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருளான கியூப்எம்எக்ஸில் 'சிஸ்' பகுதியிலுள்ள டீபக் அமைப்பை நாம் தொடாமல் விட்டால், இந்த எஃப்1 வரிசைச் சிப்புகளுக்கு அது உருவாக்கித் தரும் தொடக்க நிரல், அந்த ஒதுக்கீட்டை நீக்கும் ஒரு வரியையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. நிரல் ஓடத் தொடங்கிய சில மில்லி விநாடிகளில் கதவு உள்ளிருந்து பூட்டப்படுகிறது. எல்இடி மட்டும் ஒழுங்காக மின்னிக்கொண்டிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தொடும் சிப்பில் போய் இப்படியொரு இயல்புநிலையா என்று நான் பலமுறை சலித்துக்கொண்டதுண்டு.

இந்தப் பூட்டு நிரந்தரமானதன்று; ஒவ்வொரு ரீசெட்டிலும் திறந்து, நிரல் ஓடியதும் மீண்டும் விழுகிறது. எனவே அந்த நிரலை ஓடவிடாமல் தடுத்தால் போதும். சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பூட்0 பின்னை 3.3 வோல்ட்டுடன் இணைத்து, அதன் துணையான பிபி2 (பூட்1) பின் தரையளவில் இருப்பதை உறுதி செய்து, ரீசெட் கொடுங்கள். சிப் உங்கள் நிரலை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட பூட்லோடர் என்ற சிறு நிரலுக்குள் செல்லும். டீபக் பின்கள் திறந்தே இருக்கும். உடனே இணைத்து நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் முழுவதையும் அழித்துவிடுங்கள். உங்கள் போர்டில் பூட்0 ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியாகத் தரைக்குச் சென்றால், சிப்பை ஒட்டிய முனையில் ஒரு கம்பியால் 3.3 வோல்ட்டைத் தொடுவித்தாலே போதும். மின்தடை இல்லாமல் நேரடியாகத் தரையோடு இணைத்திருந்தால் அதைச் செய்யாதீர்கள்; ஷார்ட் ஆகிவிடும்.

பூட்0 அப்படி நேரடியாகத் தரையோடு இணைந்திருந்தால், ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி மென்பொருளில் இணைப்புப் பொத்தானைச் சொடுக்கி, அதே கணத்தில் விரலை எடுப்பதே வழி. நான்கைந்து முயற்சிகள் தேவைப்படலாம். ரீசெட்டைப் பிடித்துக்கொண்டே இணையும் வசதி மென்பொருளிலேயே உண்டு. ஆனால் அதற்கு எஸ்டி-லிங்க்கின் ரீசெட் கம்பி சிப்பின் ரீசெட் பின்னான என்ஆர்எஸ்டி-க்குச் சென்றிருக்க வேண்டும். பல குளோன்களில் ரீசெட் என்று அச்சிட்ட முனை எஸ்டிஎம்8 என்ற வேறு வரிசைச் சிப்புகளுக்கே பயன்படும் என்பதால், அதை நம்பி ஒரு மாலையை வீணாக்க வேண்டாம்.

அழித்தபின் பூட்0-ஐத் தரைக்குத் திருப்பி, கியூப்எம்எக்ஸின் அதே டீபக் அமைப்பில் 'சீரியல் வயர்' என்று தேர்ந்து, நிரலை மீண்டும் உருவாக்கி ஏற்றுங்கள். இரண்டாம், மூன்றாம் முறையும் ஏறினால் காரணம் இதுவே.

முதல் முறையே இணையாத போர்டாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்: ஏடிசி-யைப் (அனலாக்-டிஜிட்டல் மாற்றி) பயன்படுத்தாவிட்டாலும் அனலாக் பகுதிக்கு மின்சாரம் தரும் விடிடிஏ பின்னுக்கு மின்சாரம் வருகிறதா, என்ஆர்எஸ்டி 3.3 வோல்ட் அருகே நிற்கிறதா, இரு டீபக் கம்பிகளும் இடம் மாறியுள்ளனவா என்று மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லியிருப்பேன். கம்பி நீளமாக இருந்து இணைப்பு விட்டுவிட்டு வந்தால், வேகத்தை 480 கிலோ ஹெர்ட்ஸுக்குக் குறைத்துப் பார்க்கலாம்.

அடுத்த பதிப்பில் என்ஆர்எஸ்டி-யை டீபக் கனெக்டருக்குக் கொண்டுவந்து, பூட்0-க்கு ஒரு ஜம்பரும் வைத்துவிடுங்கள்.