டர்பனில் பறந்த கார் ஜோஹன்னஸ்பர்க்கில் ஏன் இழுக்கவில்லை?

டர்பனில் இருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு மாறியிருக்கிறீர்கள். அதே 1.4 லிட்டர் கார்தான், ஆனால் பிக்கப் போய்விட்டது. எஞ்சின் கோளாறா, பவர் கூடின கார் வாங்கணுமா என்று கேட்கிறீர்கள்.

வேறு தொந்தரவு எதுவும் தெரியாவிட்டால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம், ஊர்தான் காரணம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். விளம்பரத்தில் பவர் 74 கிலோவாட் என்று போட்டிருந்தால் இங்கே 62 கிடைத்தால் அதிகம். காரின் எடையோ ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. சிக்னலில் கிளம்பும்போது மந்தமாகத் தெரிவது அதனால்தான்.

வேடிக்கை என்னவென்றால், காற்றுத் தடையும் அதே ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் சமதளத்தில் காரின் உச்ச வேகம் பெரிதாக அடிபடாது. மேட்டில்தான் குட்டு வெளிப்படும்.

டர்பனில் இருந்து ஜோஹன்னஸ்பர்க் வரும் என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறியிருப்பீர்கள்; லாரிகள் இடது ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். 1,400 கிலோ கார் ஒன்று, 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போக, ஏறுவதற்கு மட்டுமே 19 கிலோவாட் வேண்டும். நாலு பேர், பெட்டிகள், சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கின காய்கறி மூட்டை (இது இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் ஊர் திரும்ப மாட்டார்கள்) எல்லாமாக 350 கிலோ கூடினால் இன்னும் 5 கிலோவாட். அப்புறம் மூன்றாவது கியருக்கு இறக்காமல் முடியாது.

அதே சாலையில் ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டினால் பெரும்பாலும் சமதளம், கதை மாறும். அங்கே எடையைவிடக் காற்றுதான் எதிரி. 100-லிருந்து 120-க்குப் போனால் காற்றைத் தள்ள மட்டும் 73 சதவீதம் கூடுதல் பவர் தேவை. கூரையில் பெட்டி வைத்தால் அதற்கும் மேலே. மைலேஜ் இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

டர்போ இந்த ஊருக்குப் பொருத்தம். மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே அனுப்பிவிடும். பக்கத்தில் இருக்கும் கியாலமி பந்தயத் தளமும் மேட்டுநிலம்தான். ஃபார்முலா 1-இல் டர்போ கார் முதன்முதலாக ‘போல் பொசிஷன்’ (பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று கிளம்பும் இடம்) பிடித்தது அங்கேதான்: 1979-இல், ரெனோ காரில் ஓட்டுநர் ஜபுய்.

எனவே புதுக் கார் பார்த்தால் கிலோவாட்டை மட்டும் பார்க்காமல் எடையால் வகுத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், கனமான எஸ்யூவியைவிடச் சின்ன டர்போ ஹேட்ச்பேக் மேல். டெஸ்ட் டிரைவை இங்கேயே வையுங்கள், பின் சீட்டிலும் ஆளை ஏற்றிக்கொண்டு. பெட்ரோல் விஷயம்: டர்போ இல்லாத பல கார்களுக்கு இந்த உயரத்தில் 93 ஆக்டேன் (பம்பில் எழுதியிருக்கும் பெட்ரோல் தர எண்) போதும். டர்போ என்றால் கையேட்டில் சொன்னதைப் போடுங்கள்.