யமுனா ஏன் அந்த உடையை எடுத்தாள்?

கேள்வி:

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே என் முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். சிண்ட்ரெல்லா கதைதான், ஆனால் இந்தக் காலத்தில் நடக்கிறது. யமுனா ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் செக்கிங் வேலை செய்கிறாள். அம்மா இறந்தபின் அப்பா மறுமணம் செய்துகொண்டார். இப்போது அவரும் இல்லை. சித்தியும் சித்திக்குப் பிறந்த இரண்டு தங்கைகளும் யமுனாவின் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டே அவளை வேலைக்காரியாக நடத்துகிறார்கள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காக அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறாள். வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது சரக்கை வாங்குபவர்களுக்கு, கோவையில் நிறுவனம் கொடுக்கும் விருந்துக்கு, சாம்பிள் பிரிவுத் தையல்காரர் செல்வி அக்கா ஒரு சாம்பிள் உடையை வற்புறுத்தி உடுத்திவிட்டு அவளை அனுப்பிவைக்கிறார். அங்கே ஒருவர் அவளை டிசைனர் என்று தவறாக நினைத்துவிடுகிறார். மறுக்க வாய்ப்பில்லாமல் போகிறது. முதலாளியின் இளைய மகன் கௌதம் அவளைக் காதலிக்கிறான். அவனுக்கு ஒரு நூற்பாலை அதிபரின் மகளோடு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருக்கிறது. சாம்பிள் உடை பாழானதற்காகச் செல்வி அக்கா வேலையை இழக்கிறார். கடைசியில் கௌதம் நிச்சயத்தை முறித்துக்கொண்டு யமுனாவை மணக்கிறான்.

படித்துப் பார்த்த தோழிகள், "யார் எதற்காக எதைச் செய்கிறார்கள் என்றே புரியவில்லை" என்கிறார்கள். யமுனாவை இன்னும் நல்லவளாகக் காட்டினால் சரியாகிவிடுமா?

– வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

வேண்டாம். யமுனா இப்போதே தேவைக்கு மேல் நல்லவளாக இருக்கிறாள், சிக்கலே அதுதான். நீங்கள் சொன்ன கதையில் அவள் தானாகச் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. சம்பளத்தைச் சித்தி வாங்கிக்கொள்கிறார். உடையைச் செல்வி அக்கா உடுத்திவிடுகிறார். பொய்யை ஒரு விருந்தாளி தொடங்கிவைக்கிறார். நிச்சயத்தைக் கௌதம் முறிக்கிறான். யமுனாமேல் பழி எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் குறுக்கே விழுந்து காப்பாற்றியிருக்கிறீர்கள். அப்படிக் காப்பாற்றியதில் அவளுடைய ஆசையும் காணாமல் போய்விட்டது. கதாநாயகிக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதபோது, மற்றவர்கள் எதற்குக் குறுக்கே நிற்பார்கள், எதற்குத் துணை போவார்கள்?

பழைய கதைகளில் அவள் இவ்வளவு கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் அல்ல. இத்தாலியில் நேப்பிள்ஸைச் சேர்ந்த பசிலே தொகுத்த கதைகள், அவர் இறந்தபின் 1634 முதல் அச்சில் வந்தன. அதில் வரும் சிண்ட்ரெல்லாவின் பெயர் ஸெஸோல்லா. சித்தியின் கொடுமையைத் தனக்குத் தையல் கற்றுத்தரும் ஆசிரியையிடம் சொல்லிச் சொல்லி அழுகிறாள். ஆசிரியை ஒரு வழி சொல்லிக்கொடுக்கிறாள். அதன்படி ஸெஸோல்லா சித்தியிடம் பழைய உடை ஒன்று கேட்கிறாள். சித்தி பெரிய பெட்டிக்குள் குனிந்து தேடும்போது மூடியைக் கழுத்தின்மேல் விழவிட்டுக் கொன்றுவிடுகிறாள். பிறகு அப்பாவை நச்சரித்து அந்த ஆசிரியையையே மணக்கவைக்கிறாள். புதிய சித்தி அதுவரை மறைத்துவைத்திருந்த தன் ஆறு பெண்களை வீட்டுக்குள் கொண்டுவருகிறாள். ஸெஸோல்லா அடுப்படிக்குப் போகிறாள். அந்தச் சாம்பலில் பாதி அவளே பூசிக்கொண்டது.

பிரான்சில் பெரோ 1697-இல் எழுதிய வடிவம்தான் நமக்கெல்லாம் பழக்கமான சாதுவான சிண்ட்ரெல்லா. அவள்கூட உங்கள் யமுனா அளவுக்குச் சாது இல்லை. விருந்தில் தன்னை அடையாளம் தெரியாத அக்காள்களின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, இளவரசன் தனக்குக் கொடுத்த ஆரஞ்சுப் பழங்களை அவர்களுக்குப் பங்கிட்டுத் தருகிறாள். வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்தவள்போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். அந்த அழகான இளவரசியைப் பார்க்க உன் மஞ்சள் உடையைத் தருவாயா என்று அக்காளிடம் கேட்கிறாள், அவள் தரமாட்டாள் என்று தெரிந்தே. அந்தப் பெண்ணுக்குள் எவ்வளவு குதூகலம்! அதனால்தான் முந்நூறு ஆண்டுகள் தாண்டியும் அவள் உயிரோடு இருக்கிறாள்.

யமுனாவை யாரையும் கொல்லச் சொல்லவில்லை. உடையை அவளே எடுக்கட்டும். செல்வி அக்கா சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், அவளாகவே எடுக்கட்டும்.

ஏன் எடுக்கிறாள்? இதற்கு விடை உங்கள் கைக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் அந்தத் தொழிலில் இருப்பவர். செக்கிங் மேசையில் நிற்கும் பெண் நாள் முழுவதும் உடைகளில் குறை தேடுகிறாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், நிற வேறுபாடு. அவள் கையில் பட்ட ஆயிரக்கணக்கான உடைகளில் ஒன்றைக்கூட அவள் ஊரில் யாரும் உடுத்திப் பார்த்ததில்லை. ஒரே ஒரு மாலை, குறை பார்க்காமல் அதை உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுவது எவ்வளவு இயல்பு. ஆனால் அந்த சாம்பிள் மறுநாள் கூரியரில் போக வேண்டியது என்றும் அவளுக்குத் தெரியும். பையர் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் கட்டிங் தொடங்கும். தாமதமானால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப நேரும், செலவு பல மடங்காகும். இவ்வளவும் தெரிந்துதான் எடுக்கிறாள். இந்தத் தெரிதலைத் தயவுசெய்து அவளிடமிருந்து பறிக்காதீர்கள்.

விருந்தில் "நீங்கள்தான் டிசைனரா?" என்று கேட்கப்படும்போதும் அப்படியே. இல்லை என்று சொல்லப் போதுமான நேரம் அவளுக்கு இருக்கட்டும். அவள் ஆமாம் என்று சொல்லட்டும். சொன்னபின் துணியைப் பற்றிப் பேசட்டும்: இந்தப் பின்னல் துவைத்தால் எந்தப் பக்கம் இழுக்கும், இந்தக் கழுத்துப்பட்டி ஏன் சுருளும் என்று. உண்மையான டிசைனரைவிட அவளுக்கு இது அதிகம் தெரியும். தகுதி அவளுடையது, பெயர் மட்டும் திருட்டு. இப்படி ஒரு பொய்யைத்தான் வாசகரால் வெறுக்கவும் முடியாது, மன்னித்து நகரவும் முடியாது.

இப்போது செல்வி அக்காவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இந்த அம்மாள்தான் என் கணக்கில் நாவலின் நடுத்தூண். யமுனா செய்ததற்கு செல்வி வேலை இழக்கிறார், யமுனா வாய் திறக்கவில்லை. அது ஏன் என்று நீங்கள் ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்க வேண்டும். பயம் என்று மட்டும் எழுதினால் போதாது. உண்மையைச் சொன்னால் வேலையும் கௌதமும் ஒரே நாளில் போய்விடும். அது ஒரு காரணம். இன்னொன்று, அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். திருப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் டெய்லர் தேவை என்று போர்டு தொங்குகிறது, செல்வி அக்காவின் கைத்திறனுக்கு ஒரு வாரத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உடையைப் பாழாக்கியவர் என்ற பேச்சு செல்விக்கு முன்பே அடுத்த கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடுமே. ஒரு நல்ல பெண் தன் மனச்சாட்சியை எப்படிப் பேசிப் பேசிச் சம்மதிக்கவைக்கிறாள் என்பதை அங்குலம் அங்குலமாகக் காட்டுங்கள்.

சித்தி ஏன் கொடுமைக்காரி என்பதற்கு உங்கள் கதையில் காரணமே இல்லை. சித்தி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டீர்கள். அப்பாவை இறக்கவைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். கிரிம் சகோதரர்களின் கதையில் அப்பா உயிரோடு இருக்கிறார். செருப்போடு தேடி வந்த இளவரசனிடம், இறந்த மனைவியின் வளர்ச்சி குன்றிய பெண் ஒருத்திதான் மிச்சம், அவள் மணமகளாக இருக்க முடியாது என்று சொல்கிறார். எந்தச் சித்தியும் செய்யாத கொடுமை அது. உங்கள் கதையில் அப்பாவின் மரணத்தையே சித்தியின் காரணமாக்கலாம்.

அவர் உயில் எழுதாமல் இறந்தார், வீடு அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, அவருடைய தாயும் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சித்திக்கும் மூன்று பெண்களுக்கும் ஆளுக்குச் சமபங்கு. நான்கில் ஒன்று யமுனாவுடையது. அந்த வீட்டை முழுதாக விற்க வேண்டுமானால் அவள் கையெழுத்து வேண்டும்; இல்லையென்றால் அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். சித்திக்குச் சொந்த வருமானம் கிடையாது, கரையேற்ற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். யமுனாவுக்கு ஒரு கணவன் வந்தால் அவன் பங்கு கேட்பான். அதனால்தான் யமுனாவுக்கு வரும் வரன்களை எல்லாம் சித்தி தட்டிக்கழிக்கிறாள். யமுனா முணுமுணுக்காமல் சம்பளக் கவரை நீட்டும் ஒவ்வொரு மாதமும் சித்தியின் நன்றிக்கடன் ஏறுகிறது, வெறுப்பும் ஏறுகிறது. இவளை உங்களால் மன்னிக்க முடியாமல் போகலாம். ஆனால் இவள் இரவில் ஏன் தூங்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

யமுனா அந்த வீட்டிலேயே இருப்பதற்கு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போதாது. செத்தவருக்குக் கொடுத்த வாக்கு, எழுதுபவருக்கு மிகவும் வசதியான காரணம். பிளஸ் டூ படிக்கும் கடைசித் தங்கையை யமுனா இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறாள் என்று வையுங்கள். கூடவே, தெருவே அவளைத் தங்கமான பெண் என்கிறது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டை விட்டுப் போனால் பெயர் போய்விடும். செல்வி விஷயத்தில் அவள் வாயைக் கட்டியதும் இதே பெயர்தான் என்று வாசகர் பின்னால் உணரும்போது உங்கள் நாவல் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

கௌதம். இவன் எதற்காகக் காதலிக்கிறான்? அழகு என்று எழுதியிருப்பீர்கள். சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யேஷியன் என்ற பெண்ணின் கதை, சிண்ட்ரெல்லா கதைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதில் யேஷியனுக்கு வேண்டியதைத் தருவது ஒரு மீனின் எலும்புகள். தொலைந்த செருப்பைக் கொண்டு அவளைத் தேடிக் கண்டுபிடித்து மணக்கும் அரசன், பிறகு அந்த எலும்புகளிடம் நகையும் மணியும் ஓயாமல் கேட்கிறான். ஓராண்டு கழிந்தபின் அவை எதையும் தருவதில்லை. தேடி வருகிறவன் எதைத் தேடி வருகிறான் என்ற கேள்வியை அந்தக் கதை துணிந்து கேட்டுவிட்டது. நீங்களும் கேளுங்கள்.

கௌதம் இளைய மகன். அப்பாவும் அண்ணனும் இருக்கும் கூட்டத்தில் அவன் தொடங்கும் வாக்கியத்தை வேறொருவர் முடிக்கிறார். விருந்தில் முகம் தெரியாத ஒரு டிசைனர் அவன் சொன்னதைத் தவறு என்கிறாள், காரணமும் சொல்கிறாள். தன்னை ஒருத்தி சமமாக நினைத்து எதிர்த்துப் பேசிய அந்தச் சுகத்தைத்தான் அவன் காதலிக்கிறான். அவள் செக்கிங் பெண் என்று தெரியவரும்போது ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் வரட்டும். கோபத்தின் அடியில் ஒரு நிம்மதியும் இருக்கட்டும்: இவள் நம் நிறுவனத்தில் வேலை செய்பவள், நம்மை மறுக்க மாட்டாள் என்று. அந்த நிம்மதியை அவனே ஒரு கணம் அடையாளம் கண்டு வெட்கப்பட வேண்டும். முதலாளியின் மகன் தொழிலாளியிடம் காதல் சொல்லும்போது அவள் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-இல் சட்டம் வந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு அமைப்பது கட்டாயமாகிவிட்ட காலத்தில், எந்த நாவலும் ஒதுக்கிவைக்கக் கூடாத கேள்வி. அவள் ஒரு முறையாவது இல்லை என்று சொல்லட்டும். அதன்பின் அவள் வேலைக்கு எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்கிறானா என்பதில் அவன் யார் என்று தெரிந்துவிடும்.

நூற்பாலை அதிபரின் மகளுக்கு நீங்கள் பெயர்கூட வைக்கவில்லை. வையுங்கள். அந்த ஆலையிலிருந்து நிறுவனத்துக்குக் கடனுக்கு நூல் வருகிறது என்றால், நிச்சயம் முறிவது இரண்டு குடும்பங்களின் கணக்கையும் தொடும். அவளுக்கும் வேறு காதலன் இருந்தான் என்று எழுதி எல்லோரையும் தப்பவிடும் ஆசை உங்களுக்கு வரும். விட்டுவிடுங்கள். அவள் கௌதமை உண்மையாகவே விரும்பியவளாக இருக்கட்டும்.

முடிவைப் பற்றி ஒன்றுதான். திருமணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் யமுனா உண்மையைச் சொல்லும் நாள், கௌதம் திருமணம் கேட்பதற்கு முந்திய நாளாக இருக்க வேண்டும். அவன் கேட்டபிறகு சொன்னால் அவளுக்கு ஒரு நட்டமும் இல்லை. இழக்க எல்லாம் இருக்கும்போது, முதலில் செல்வி அக்காவின் வீட்டு வாசலுக்குப் போகட்டும், அங்கிருந்து ஆபீசுக்கு. செல்வி உடனே கட்டி அணைத்துக்கொள்ள வேண்டாம். கதவைச் சாத்தலாம். அந்த இரண்டு காட்சிகளையும் எழுதிப் பாருங்கள், அதன்பின் கௌதம் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தொடக்க அத்தியாயங்களில் செக்கிங் மேசையையும் வீட்டையும் எழுதியிருப்பீர்கள். அவற்றை இப்போது தொட வேண்டாம். சாம்பிள் அறையில் சாவி கிடக்கும் அந்த மாலையிலிருந்து திருத்தத் தொடங்குங்கள். சித்தியின் பத்திர விஷயத்தை எழுதும் முன் ஒரு பத்திர எழுத்தரிடமோ வழக்கறிஞரிடமோ அரை மணி நேரம் பேசிவிடுங்கள். அவர்கள் சொல்லும் நடைமுறையிலிருந்தே உங்களுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் கிடைக்கும்.