ஸ்விஸ் வாக்கெடுப்பு: இரண்டு கணக்கும் தேற வேண்டும்

கேள்வி: ஸ்விட்சர்லாந்தில் 2020 நவம்பரில், நிறுவனங்களின் பொறுப்பு குறித்த வாக்கெடுப்பில் 50.7 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். ஆனாலும் தோற்றுவிட்டதே, எப்படி?

பதில்: அது அரசியல் சாசனத் திருத்தம் என்பதால். ஒரு சட்டத்தை எதிர்த்து 50,000 கையெழுத்து திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தால், நாடு முழுக்க எண்ணி எது அதிகமோ அதுவே முடிவு. சாசனத்தில் கைவைக்க அது போதாது. கான்டன்கள் எனப்படும் மாநிலங்களிலும் பாதிக்கு மேல் தேற வேண்டும்.

20 கான்டன்களுக்குத் தலா ஒரு ஓட்டு. ஒப்வால்டன், நிட்வால்டன், இரண்டு பாசல், இரண்டு அப்பென்செல் ஆகிய ஆறுக்கும் தலா அரை ஓட்டு. மொத்தம் 23, ஜெயிக்க 12 வேண்டும். சரிபாதியாகப் பிரிந்தால் தோல்விதான். கான்டன் அரசு தனியாக ஓட்டுப் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மக்கள் போட்ட அதே சீட்டுகளைக் கான்டன்வாரியாகவும் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். 2020-ல் ஆதரவாக வந்தவை 8½.

15 லட்சம் பேருக்கு மேல் வாழும் சூரிக்குக்கு ஒரு ஓட்டு. சுமார் 16,000 பேர் வாழும் அப்பென்செல் இன்னர்ரோடனுக்கு அரை ஓட்டு. அதாவது இன்னர்ரோடன்காரர் ஒருவரின் சீட்டு, சூரிக்காரரின் சீட்டைவிட 40 மடங்குக்கு மேல் கனம். 1847 உள்நாட்டுப் போரில் தோற்ற கத்தோலிக்கக் கான்டன்கள் நசுங்கிவிடக் கூடாது என்ற நோக்கம் 1848 சாசனத்தில் இருந்தது. அந்தப் பயம் எப்போதோ தணிந்துவிட்டது. விகிதம் மட்டும் இப்படி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: 1992-ல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேரும் திட்டம் மயிரிழையில் தோற்றது என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. மக்களில் 50.3 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். வித்தியாசம் 24,000 ஓட்டுகூட இல்லை. ஆனால் கான்டன் கணக்கில் 16-க்கு 7. அந்த 24,000 பேர் மனம் மாறியிருந்தாலும் திட்டம் தேறியிருக்காது. நிஜமாகவே நூலிழையில் தப்பியது 2002-ல் ஐ.நா.வில் சேர நடந்த வாக்கெடுப்பு. மக்களில் 54.6 சதவீதம் ஆதரவு. கான்டன்கள் 12-க்கு 11. ஒரே ஒரு கான்டன் புரண்டிருந்தால் ஐ.நா. இல்லை.

கேள்வி: மக்கள் கொண்டுவரும் யோசனைக்கு நாடாளுமன்றம் மாற்று யோசனை வைத்தால், இரண்டுக்கும் 'ஆம்' போடலாமா?

பதில்: இப்போது போடலாம். 1987-ல் விதி மாறும்வரை இரண்டுக்கும் 'இல்லை' போடலாம், இரண்டுக்கும் 'ஆம்' போட்டால் சீட்டு செல்லாது. அதனால் மாற்றம் வேண்டியவர்களின் ஓட்டு இரண்டாகச் சிதற, வேண்டாதவர்கள் சுலபமாக வென்றார்கள். இன்று சீட்டில் மூன்றாவது கேள்வி உண்டு: இரண்டும் தேறினால் எது அமலாக வேண்டும்? பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் எதிர்ப்பவரும் அதற்குப் பதில் எழுதலாம், எழுதுவதே நல்லது.